பதிவுகளை அருகருகே அச்சிடல்
சங்கச் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் ஒரு பாடம்

குருமடத்தில் வேதாகமம் கற்ற நாட்களில் எமது மேசையில் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரின் நற்செய்திகளும் அதில் மூன்று நிரல்களில் அருகருகே அச்சிடப்பட்டிருந்தன. தனித்தனியே பலமுறை வாசித்தும் எமக்குத் தெரியாதிருந்த ஒற்றுமைகளும் வேற்றுமைகளும் அந்தப் பக்கத்தைத் திறந்தவுடனேயே கண்ணில் பட்டன. 1776இல் ஜேர்மனியரான கிறீஸ்பாக் என்பவர் இத்தகைய நூலொன்றை வெளியிட்டார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முன்னதாக, மூன்றாம் நூற்றாண்டிலேயே, செசாரியாவில் வாழ்ந்த ஓரிஜன் என்ற அறிஞர் பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு நிரல்களில் அருகருகே எழுதுவித்தார். ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பவற்றை அருகருகே வைத்ததும் அவை ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எமது கிராமங்களின் சிக்கனச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், மீனவர் சங்கங்கள் பல இன்று தமது கணக்குகளைக் கணனியில் வைத்திருக்கின்றன. பதிவுகளை உள்ளிடுவதற்கு இளைஞர்கள் நன்கு பழகிவிட்டார்கள். ஆனால் அவற்றை மக்கள் கையிற் கொடுக்கக்கூடிய அறிக்கையாக அச்சிடும்போதுதான் தடுமாறுகிறார்கள். கணனி தானாகத் தருவது ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும் நீண்ட பட்டியலையே. அதை அருகருகே கொண்டுவருவது எப்படி, அதில் எங்கே வழுக்கி விழுவோம் என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். இங்கே மைக்ரோசொப்ட் அக்சஸ் என்ற மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். வேறு மென்பொருள் பாவிப்போருக்கும் இதே சிந்தனை பொருந்தும்.

1. இரண்டு வேறுபட்ட தேவைகள்

"அருகருகே அச்சிட வேண்டும்" என்று ஒரு பொருளாளர் கேட்டால், முதலில் அவருடைய தேவை என்ன என்று நாம் கேட்க வேண்டும். ஏனெனில் அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது, வெவ்வேறு அங்கத்தவர்களின் பதிவுகளை ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிடுவது. ஒவ்வொருவருக்கும் அவரவர் மீதித் துண்டை வெட்டிக் கொடுப்பதற்கு இது தேவை. இங்கே அருகருகே இருக்கும் இரண்டு பதிவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தாளை மிச்சம்பிடிப்பதற்காகவே அவை அயலாகின்றன.

இரண்டாவது, ஒரே அங்கத்தவரின் பல பதிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அருகருகே வைப்பது. மூன்று ஆண்டுகளின் சேமிப்பு, அல்லது ஒரு பக்கம் சேமிப்பும் மறுபக்கம் கடனும் என்று இது அமையலாம். இங்கே தொடர்புதான் முக்கியம்.

முதலாவது அறிக்கையின் பக்க அமைப்பைச் சார்ந்த வேலை. இரண்டாவது அச்சிடுவதற்கு முன்னரே, வினவலில் செய்யவேண்டிய வேலை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனாலேயே பலர் நாட்கணக்கில் மினக்கெடுகிறார்கள்.

2. தாளை அளந்து பிரித்தல்

120 அங்கத்தவர்கள் உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு தாளில் மீதியை அச்சிட்டால் 120 தாள்கள் வேண்டும். ஒரு தாளில் 24 துண்டுகளை அச்சிட்டால் 5 தாள்கள் போதும். 2022 மார்ச் மாதத்தில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை நாம் மறக்கவில்லை. தாளும் மையும் அங்கத்தவர்களின் பணமே.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர், உயரம் 297 மில்லிமீற்றர். இடமும் வலமும் 10 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் 190 மிஞ்சும். மூன்று நிரல்களுக்கிடையே இரண்டு இடைவெளிகள் வரும். ஒவ்வொன்றும் 5 என்றால் 180 மிஞ்சும். அதை மூன்றாற் பிரித்தால் ஒரு துண்டுக்கு 60. ஆனால் முழு அளவையும் பாவிக்காது 59 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிது தளர்வு இருப்பது நல்லது. அறிக்கையின் அகலம் தாளின் அகலத்தை விஞ்சினால், அச்சிட்ட ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு வெறுந்தாள் வந்து விழுவதைக் கண்டிருப்பீர்கள். அச்சுப்பொறி பழுது என்று பலர் நினைப்பார்கள். பிழை எமது கூட்டலில்தான் இருக்கும்.

உயரத்தில் மேலும் கீழும் 10 விட்டால் 277 மிஞ்சும். ஒரு துண்டு 34 என்றால் எட்டு நிரைகளுக்கு 272 ஆகும். மூன்று நிரல், எட்டு நிரை, மொத்தம் 24.

அக்சசில் அறிக்கையின் பக்க அமைப்புப் பெட்டியைத் திறந்து, நிரல்களுக்கான பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே நிரல்களின் எண்ணிக்கை, நிரை இடைவெளி, நிரல் இடைவெளி, ஒரு நிரலின் அகலம், உயரம் ஆகியவற்றைக் கேட்கும். மேலே கணித்த எண்களை அங்கே இடுங்கள். நீண்ட பெயரோ முகவரியோ வந்தால் துண்டு தானாக உயர்ந்துவிடாதபடி, "வளரலாம்" என்ற இயல்பை நிறுத்திவிடுங்கள். ஒரு துண்டு வளர்ந்தால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் வெட்டுக்கோட்டை விட்டு விலகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தாளின் தலைப்பில் சங்கத்தின் பெயரையும் திகதியையும் இட்டு அழகாக அச்சிடுவார்கள். தாளை வெட்டியதும் அந்தத் தலைப்பு குப்பைக் கூடைக்குப் போய்விடும். அங்கத்தவரின் கையிலே பெயரும் திகதியும் இல்லாத ஒரு துண்டுதான் இருக்கும். எனவே சங்கத்தின் பெயர், திகதி, அங்கத்துவ இலக்கம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு துண்டிலும் இருக்க வேண்டும்.

3. எண்கள் ஓடும் திசை

நிரல்களுக்கான அதே பகுதியில், பதிவுகள் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்றும் கேட்கும். "கீழே சென்று பின் குறுக்காக" என்றால் முதலாம் நிரலில் 1 முதல் 8 வரையும், இரண்டாம் நிரலில் 9 முதல் 16 வரையும் வரும். பெயர்ப்பட்டியல் போல வாசிப்பதற்கு இது ஏற்றது. "குறுக்காகச் சென்று பின் கீழே" என்றால் முதல் நிரையில் 1, 2, 3, அடுத்த நிரையில் 4, 5, 6 என்று வரும்.

வாசிப்பதற்கு இவ்விரண்டில் ஒன்று போதும். வெட்டுவதற்கு இரண்டுமே போதா. ஏன்? ஐந்து தாள்களையும் ஒன்றாக அடுக்கி வெட்டினால் 24 சிறு கட்டுகள் கிடைக்கும். முதற் கட்டில் 1, 25, 49, 73, 97 ஆகிய இலக்கங்கள் இருக்கும். கூட்டம் தொடங்க அரைமணி நேரம் இருக்கையில் 120 துண்டுகளையும் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில்தான் ஒருவருடைய துண்டு இன்னொருவரின் கைக்குப் போகிறது.

இதற்கு அச்சகத்தார் கையாளும் ஓர் எளிய வழி உண்டு. முதற் கட்டில் 1 முதல் 5 வரையும், இரண்டாம் கட்டில் 6 முதல் 10 வரையும் வருமாறு முன்கூட்டியே ஒழுங்குபடுத்திவிட வேண்டும். அப்படியானால் முதலாவது தாளின் முதற் துண்டு 1, இரண்டாவது தாளின் முதற் துண்டு 2 என்று செல்லும். வெட்டிய 24 கட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் 1 முதல் 120 வரை வரிசை தானாக அமைந்துவிடும்.

கணக்கு இதுதான். வரிசை எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, தாள்களின் தொகையான 5 ஆல் வகுக்க வேண்டும். கிடைக்கும் முழு ஈவுடன் ஒன்றைக் கூட்டினால் அது தாளில் துண்டு இருக்கவேண்டிய இடம். மீதியுடன் ஒன்றைக் கூட்டினால் அது எத்தனையாவது தாள் என்பது. பின்னர் தாள் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 24 ஆல் பெருக்கி, இடத்தின் எண்ணைக் கூட்டினால் அச்சிடும் வரிசை கிடைக்கும். உதாரணமாக வரிசை எண் 7 என்றால் 6ஐ 5 ஆல் வகுக்க ஈவு 1, மீதி 1. ஆகவே இடம் 2, தாள் 2. அச்சிடும் வரிசை 24 உடன் 2, அதாவது 26. இந்த எண்ணை வினவலில் ஒரு புதிய புலமாகச் சேர்த்து, அறிக்கையை அதன்படி வரிசைப்படுத்தி, "குறுக்காகச் சென்று பின் கீழே" என்று அச்சிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அங்கத்தவர்கள் 113 பேர் மட்டும் என்றால் 7 இடங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். ஆனால் கணனி வெற்றிடம் விடாது. முதலாம் தாளின் கடைசி இடத்துக்குப் பதிவு இல்லையெனில், இரண்டாம் தாளின் முதற் பதிவை அங்கே இழுத்து வைத்துவிடும். அதன்பின் எல்லாமே இடம்மாறும். எனவே 114 முதல் 120 வரை ஏழு வெறும் பதிவுகளைச் சேர்த்து, தொகையை 120 ஆக்கிவிட வேண்டும்.

வரிசைப்படுத்தும்போது பெயரை நம்பாதீர்கள், அங்கத்துவ இலக்கத்தை நம்புங்கள். பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் இருந்தால், கணனி அவற்றை ஆங்கில எழுத்துகளாகவே எண்ணி வரிசைப்படுத்தும். அகரவரிசை கிடைக்காது. மேலும் எமது ஊர்களில் ஒரே பெயருடையவர்கள் பலர்.

4. மூன்று ஆண்டுகளை ஒரே வரியில் காணல்

இனி இரண்டாவது தேவைக்கு வருவோம். சேமிப்பு அட்டவணையில் ஒவ்வொரு கட்டணமும் ஒவ்வொரு பதிவு. ஓர் அங்கத்தவரின் 2021, 2022, 2023ஆம் ஆண்டுகளின் தொகைகளை அருகருகே காண விரும்பினால் குறுக்கு அட்டவணை வினவல் என்ற முறையைப் பாவிக்க வேண்டும். அங்கத்துவ இலக்கம் நிரைத் தலைப்பாகவும், ஆண்டு நிரல் தலைப்பாகவும், சேமிப்பின் கூட்டுத்தொகை பெறுமதியாகவும் அமையும். எக்செல் போன்ற விரிதாள்களில் பிவட் டேபிள் இதே வேலையைச் செய்யும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நிரல் தலைப்பாக ஆண்டையே வைத்து அறிக்கையை அமைத்தால், அடுத்த ஆண்டு அந்த அறிக்கை வேலைசெய்யாது. அது தேடும் ஆண்டு வினவலில் இராது. எனவே நடப்பு ஆண்டிலிருந்து பதிவின் ஆண்டைக் கழித்து 0, 1, 2 என்று நிரல்களை அமையுங்கள். அறிக்கையில் அவற்றுக்கு "இவ்வாண்டு", "சென்ற ஆண்டு", "முந்திய ஆண்டு" என்று பெயரிடலாம். ஒருமுறை செய்த அறிக்கை ஆண்டுதோறும் உதவும்.

இப்படி வைத்துப் பார்ப்பதால் என்ன பயன்? கரையோரக் கிராமம் ஒன்றின் அங்கத்தவரை எண்ணிப்பாருங்கள். 2022இல் அவர் 2,500 ரூபாவே சேமித்தார், கடன் தவணையும் தவறினார். அந்த ஓர் ஆண்டின் பட்டியலை மட்டும் பார்க்கும் செயற்குழு "ஒழுங்கில்லாதவர்" என்று முடிவுகட்டும். 2021இல் 6,000, 2022இல் 2,500, 2023இல் 5,500 என்று அருகருகே வைத்தால் கேள்வியே மாறிவிடும். "இவர் ஏன் கட்டவில்லை?" என்பது போய், "அந்த ஆண்டில் என்ன நடந்தது?" என்று கேட்போம். அவருக்கு மேலும் கீழும் உள்ள வரிகளிலும் நடுநிரல் மெலிந்திருந்தால் விடை தெளிவு. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. குற்றம் ஒருவருடையதல்ல. கடனை மறுப்பதா, தவணையை நீட்டுவதா என்ற தீர்மானம் இந்த ஒரு தாளில் தங்கியிருக்கலாம்.

5. சேமிப்பும் கடனும்: எமக்குக் கிடைத்த ஒரு பாடம்

நாம் துணைநின்ற ஒரு சங்கத்தில், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்காக சேமிப்பை இடப்பக்கமும் கடன் மீள்செலுத்தலை வலப்பக்கமும் வைத்து மீதித் துண்டுகளை அச்சிட்டோம். அழகாகவே வந்தன. கூட்டத்தில் அவற்றைப் பகிர்ந்தபின் வயதான தாயார் ஒருவர் எழுந்து வந்தார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பேரனிடம் கொடுத்துத் துண்டை வாசிப்பித்திருந்தார்.

"சுவாமி, நான் மாசம் ஐஞ்ஞூறுதான் கட்டினனான். வருசத்துக்கு ஆறாயிரம். இதிலை பதினெண்ணாயிரம் எண்டு கிடக்காம். எனக்கு மற்றாக்களின்ரை காசு வேண்டாம்" என்றார்.

நாம் வெட்கத்தோடு துண்டை வாங்கிப் பார்த்தோம். அவர் கடனுக்காக 2,000 ரூபா வீதம் மூன்று தவணைகள் கட்டியிருந்தார். அதாவது 6,000 ரூபா. துண்டிலோ 72,000 என்று இருந்தது. அதேவேளை கடனே எடுக்காத சிலர் தமக்குத் துண்டு வரவில்லை என்று முறையிட்டார்கள்.

இரவிருந்து தேடியபோதுதான் பிழை தெரிந்தது. சேமிப்பு அட்டவணையையும் கடன் அட்டவணையையும் அங்கத்துவ இலக்கத்தால் நேரடியாக இணைத்திருந்தோம். அந்தத் தாயாருக்குச் சேமிப்பில் 12 பதிவுகள், கடனில் 3 பதிவுகள். இணைக்கும்போது கணனி ஒவ்வொரு சேமிப்புப் பதிவையும் ஒவ்வொரு கடன் பதிவோடும் சோடி சேர்க்கிறது. 12ஐ 3 ஆல் பெருக்க 36 வரிகள். 36 தடவை 500 என்றால் 18,000. 36 தடவை 2,000 என்றால் 72,000. கடன் இல்லாதவருக்கோ சோடி சேர எதுவும் இல்லை, ஆகவே அவர் அறிக்கையிலிருந்தே மறைந்துபோனார். கணனி பிழைவிடவில்லை. நாம் கேட்டதைத்தான் செய்தது.

இதற்குத் தீர்வுகள் இரண்டு. முதலாவது, சேர்ப்பதற்கு முன் கூட்டுங்கள். சேமிப்பை அங்கத்தவருக்கு ஒரு வரியாகக் கூட்டும் வினவல் ஒன்று, கடனை அவ்வாறே கூட்டும் வினவல் இன்னொன்று. பின்னர் அங்கத்தவர் அட்டவணையை முதலில் வைத்து, இவ்விரண்டையும் அதனுடன் இணையுங்கள். இணைப்பின் இயல்பில் "அங்கத்தவர் அட்டவணையின் எல்லாப் பதிவுகளும்" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அப்போது எவரும் மறைய மாட்டார்.

இரண்டாவது, ஒவ்வொரு கட்டணத்தையும் விபரமாகக் காட்ட விரும்பினால் உப அறிக்கைகளைப் பாவியுங்கள். பிரதான அறிக்கை அங்கத்தவர். அதற்குள் இடப்பக்கம் சேமிப்பு உப அறிக்கை, வலப்பக்கம் கடன் உப அறிக்கை. இரண்டும் அங்கத்துவ இலக்கத்தால் பிரதான அறிக்கையோடு இணைந்திருக்கும், தமக்குள் இணைந்திரா. ஆகவே பெருகவும் மாட்டா. விபரம் நீளும் என்பதால் இதற்கு 34 மில்லிமீற்றர் துண்டு போதாது. அரைத் தாளாவது வேண்டும்.

கடன் எடுக்காதவரின் கடன் புலம் வெறுமையாக இருக்கும். வெறுமை வேறு, பூச்சியம் வேறு. வெறுமையை வைத்துக் கழித்தால் விடையும் வெறுமையாகவே வரும். கணிப்பதற்கு முன் அதைப் பூச்சியமாக மாற்றும் சார்பு ஒன்று அக்சசில் உண்டு. அதன் பெயர் என்.இசட்.

6. வெட்டுமுன் சரிபாருங்கள்

அந்தக் கூட்டத்தின் பின் நாம் ஒரு விதியை வகுத்துக்கொண்டோம். கத்தரிக்கோலை எடுக்குமுன் மூன்று எண்களைச் சரிபார்க்க வேண்டும். துண்டுகளின் தொகை அங்கத்தவர்களின் தொகைக்குச் சமமா? துண்டுகளிலுள்ள சேமிப்பின் மொத்தம் காசேட்டின் மொத்தத்துக்குச் சமமா? கடன் மீள்செலுத்தலின் மொத்தமும் அவ்வாறே சமமா? ஒன்றாவது பொருந்தாவிட்டால் ஒரு துண்டும் வெளியே போகக்கூடாது. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். அன்று நாம் அதைச் செய்திருந்தால் அந்தத் தாயார் எழுந்து வந்திருக்க வேண்டியதில்லை.

முழுப் பட்டியலையும் சுவரில் ஒட்டும் வழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. ஒருவரின் கடன் ஊருக்கே தெரியவேண்டியதில்லை. சங்கத்தின் மொத்தக் கணக்கு எல்லோருக்கும் உரியது, அதைச் சுவரில் ஒட்டுங்கள். தனியாளின் கணக்கு அவருக்கும் பொறுப்பாளருக்கும் மட்டும் உரியது, அதைத் துண்டாக மடித்துக் கையிற் கொடுங்கள்.

அந்தத் தாயார் தமக்கு இலாபமான பிழையைத்தான் சுட்டிக்காட்டினார். துண்டு அவரின் கையில் இருந்தபடியால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது. பொருளாளரின் கணனியில் மட்டும் கணக்கு இருந்திருந்தால் அந்தப் பிழை எத்தனை ஆண்டுகள் உறங்கியிருக்கும்? அங்கத்தவர் ஒவ்வொருவரும் தம் கணக்கை விளங்கிக்கொண்டு கேள்வி கேட்பதே ஒரு சங்கத்தின் உண்மையான கணக்காய்வு. அதற்கு ஏற்றவாறு அச்சிட்டுக் கொடுப்பது எமது கடமை.

பயிற்சி

1. உங்கள் சங்கத்தில் 50 அங்கத்தவர்கள். ஒரு தாளில் இரண்டு நிரல், ஐந்து நிரை. எத்தனை தாள்கள் வேண்டும்? அடுக்கி வெட்டியபின் வரிசை குலையாதிருக்க, முதலாவது தாளின் இரண்டாவது இடத்தில் எந்த இலக்கம் வர வேண்டும்? (விடை: 5 தாள்கள், இலக்கம் 6.)

2. ஓர் அங்கத்தவருக்குச் சேமிப்பில் 10 பதிவுகள், கடனில் 4 பதிவுகள். இரண்டு அட்டவணைகளையும் நேரடியாக இணைத்தால் எத்தனை வரிகள் வரும்? அவரது சேமிப்பு எத்தனை மடங்காகத் தோன்றும்? (விடை: 40 வரிகள், 4 மடங்கு.)

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது சங்கத்தில் வாசிக்கத் தெரியாத அங்கத்தவர் தமது மீதியை அறிந்துகொள்ள இப்போது என்ன வழி இருக்கிறது? அது போதுமானதா?

2. கடந்த மூன்று ஆண்டுகளின் சேமிப்பை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த ஆண்டில் எமது கிராமம் தளர்ந்தது? அவ்வாண்டில் தவணை தவறியவர்களை நாம் எவ்வாறு நடத்தினோம்?

3. பிழையைச் சுட்டிக்காட்டும் அங்கத்தவருக்கு எமது கூட்டங்களில் இடமுண்டா?